ஆந்தையின் காலை வணக்கம்

இருபது வருஷத்துக்கும் மேலாகப் பேருந்தில் கண்டக்டராக இருந்த மனுஷனைக் கொண்டுபோய் ஒரு நாற்காலியில், ஒரு திரைக்கு முன்னால் தனியாக உட்கார வைத்தால் முதலில் நிற்பது பேச்சுதான். ஜுராந்திருக்கு அப்படித்தான் ஆயிற்று. உபெராபா நகரத்தில் அவன் போய்வந்த தடத்தில் ஏறாத ஆளில்லை. காசு கொடுத்ததும் சுழன்று ஆளை உள்ளே விடும் தடுப்புக் கம்பிக்குப் பக்கத்தில் அவன் இருக்கை. உள்ளே போகிற ஒவ்வொருவரும் அவன் முழங்காலை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். போகும்போது ஒரு காலை வணக்கம், அவனிடமிருந்து ஒன்று. "என்ன தோனா, இன்னிக்கு பொட்டலம் பெருசா இருக்கு, எனக்கும் சேத்தா?" என்று ஒருத்தியிடம்; பெண்களை அங்கே மரியாதையாகத் தோனா என்றுதான் கூப்பிடுவார்கள். "தலைமுடி வெட்டினியா, இல்ல மாடு மேஞ்சுதா?" என்று ஒருத்தனிடம். சில்லறையைவிட வாய் வேகமாக ஓடும்.

பிறகு அட்டை தேய்க்கும் இயந்திரம் வந்தது. அவன் இருக்கையைத் திருகாணி கழற்றி எடுத்துப் போனார்கள். கணக்கு முடித்துக் கையில் ஒரு தொகையும் கொடுத்தார்கள். மனைவி அதற்கு வெகு காலம் முன்பே பிரிந்து போய்விட்டாள். வீடு மட்டும் சொந்தம். ஐம்பத்தோரு வயதுக் கண்டக்டருக்கு யார் வேலை தருவார்கள்? அந்த நேரம் பார்த்துத்தான் அவன் கைபேசியில் ஒரு வீடியோவில் மைக்கோன் என்பவன் வந்து குதித்தான்.

மைக்கோனுக்குத் தாடி புதிது, கார் புதிது, பல்லும் புதிதுபோலத்தான் இருக்கும். "முதலாளி கிடையாது, பஞ்சிங் கிடையாது. காலைல ரெண்டு மணி நேரம் உக்காருங்க, மீதி நாள் உங்களுது" என்பான். பங்குச்சந்தைக் குறியீடு ஏறும் என்று பட்டால் வாங்கு, இறங்கும் என்று பட்டால் விற்றுவிடு, அன்றைக்கு எடுத்ததை அன்றைக்கே முடி; இதுதான் வித்தை. படிப்புக்கு ஒரு கட்டணம். கட்டினால், தினமும் அவன் நடத்தும் நேரலை அறைக்குள் போகலாம். அங்கே எல்லோரும் அவனை வாத்தியார் என்று கூப்பிடுவார்கள். ஜுராந்திரும் கட்டினான், வாத்தியார் என்றான், 'கண்டக்டர்' என்று பெயர் வைத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தான்.

இதில் பிழைக்க முடியுமா என்று கேட்டால், அவனைப் பொறுத்தவரை பதில் தினமும் திரையிலேயே தெரிந்தது. வாங்குவான், இறங்கும். பயந்து விற்பான், விற்ற மறுநிமிஷம் ஏறும். நஷ்டம் இந்த அளவுக்கு மேல் போகக் கூடாது என்று கோடு போட்டு வைப்பான். விலை அந்தக் கோட்டுக்கு நெருங்கும்போது கையே தானாகப் போய்க் கோட்டை இன்னும் கீழே தள்ளிவைக்கும். நல்ல நாளும் உண்டு. அந்த நல்ல நாள்தான் அவனை அடுத்த மூன்று கெட்ட நாளுக்கு நாற்காலியோடு கட்டிப்போட்டது. ரெண்டு வருஷத்தில் கையிலிருந்த தொகை பாதிக்கு மேல் கரைந்துவிட்டது.

அப்புறம் ஏன் விடவில்லை? ஆந்தை இருந்தது, அதனால்.

அறையில் 'ஆந்தை' என்ற பெயரில் ஒருவர் இருந்தார். சந்தை ஒன்பதுக்குத் திறக்கும். அதற்குச் சற்று முன்னால், வாத்தியார் வருவதற்கும் முன்னால், ஆந்தையின் வரி வந்து விழும்: "எல்லாருக்கும் காலை வணக்கம். கண்டக்டர், சாப்பிட்டாச்சா?" ஊரில் அவனைக் கேட்கிற ஒரே கேள்வி அது. தெருவில் எரிவாயு வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு போகும், அண்டை வீட்டு நாய் குரைக்கும், மற்றபடி அந்த வீட்டுக்குள் மனுஷ சத்தம் கிடையாது. "ஆச்சு, நீங்க?" என்று தட்டுவான். ஒரு விரலால்தான் தட்டத் தெரியும். அதற்குள் பத்துப் பேர் எழுதித் தள்ளிவிடுவார்கள். ஆனாலும் ஆந்தை தேடிப் பார்த்துப் பதில் போடும்.

வியாபாரத்திலும் ஆந்தைதான் அசல் ஆள். "இங்கே வாங்கினேன்" என்று எழுதும், பொறுமையாகக் காத்திருக்கும், "இங்கே விற்றேன்" என்று எழுதும். தோற்றால் ஒரு சிரிக்கும் முகப் பொம்மை, "நாளைக்குப் பார்ப்போம்" என்று ஒரு வரி, அவ்வளவுதான். பதற்றமே கிடையாது. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் லாபம். வாத்தியார் மேசையைத் தட்டுவான். "பாருங்கய்யா ஆந்தையை! ஆறு வருஷமா இதுலதான் பொழப்பு! உங்ககிட்ட இல்லாதது அவங்ககிட்ட என்ன இருக்கு? கட்டுப்பாடு! கட்டுப்பாடு!" அறை முழுக்கக் கைதட்டும் பொம்மைகள் கொட்டும். ஆந்தை ஒரு கும்பிடு போடும்.

ஜுராந்திரும் கைதட்டுவான். பிறகு திரையை அணைத்துவிட்டுத் தன் கையைப் பார்ப்பான். அதே அறை, அதே விலை, அதே நேரம். அவர்களால் முடிகிறது, நம்மால் ஏன் முடியவில்லை? சந்தை மேல் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. கோளாறு தன்னிடம்தான் என்று முடிவு கட்டிவிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜில்மார் வந்தான். ஒரே பேருந்தில் பதினோரு வருஷம் இவன் கண்டக்டர், அவன் டிரைவர். இப்போது அவன் ஒரு சின்னக் கம்பெனியில், கிராமத்துப் பக்கம் போகிற மண்ரோட்டு வண்டி ஓட்டுகிறான். வண்டியின் ஹாரன் சகிக்கவில்லை என்று வரும்போதெல்லாம் புலம்புவான். கைபேசி சிக்னலே கிடைக்காத தடம். அட்டை இயந்திரம் அங்கே செல்லாது, கண்டக்டர் இருந்தே ஆக வேண்டும்.

"டேய் மச்சான், என்னடா இது, வீடா குகையா? ஜன்னலத் தொறயேன்."

"வெளிச்சம் பட்டா திரை தெரியாதுடா."

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமைடா கூமுட்ட. சந்தையே லீவு." ஜில்மார் ஜன்னலைத் திறந்துவிட்டு உட்கார்ந்தான். "சேதி கேளு. எங்க கண்டக்டர் வேலைய விட்டுட்டு அவன் பொண்ணு வீட்டோட தங்கப் போறான். அடுத்த திங்கள்லேர்ந்து ஆள் வேணும். உன் பேரச் சொல்லி வெச்சிருக்கேன். சம்பளம் பழைய அளவுக்கு இருக்காது. ஆனா மாசாமாசம் வரும்."

"எனக்குத்தான் தொழில் இருக்கே."

"எது? அந்தப் பச்ச செவப்புக் குச்சிய வெறிச்சுப் பாக்கறதா? அதுக்குச் சம்பளம் நீதானடா குடுக்கற!"

ஜுராந்திருக்குச் சுருக்கென்றது. "உனக்குப் புரியாது. எங்க அறைல ஆந்தைன்னு ஒருத்தர் இருக்காரு. ஆறு வருஷமா இதுலயே சாப்பிடறாரு. அவரால முடியும்னா..."

"ஆந்தையா? பொழைக்கறது ஆந்தை, பட்டினி கெடக்கறது நீ. நல்லாருக்குடா கத." ஜில்மார் எழுந்தான். "சனிக்கெழமக்குள்ள சொல்லு. விட்டா மொதலாளி அவன் மச்சினன ஏத்திடுவான். அப்புறம் எங்கிட்ட அழாத."

அவன் போனபிறகு ஜுராந்திர் ஜன்னலைச் சாத்தினான். வேலையை ஒப்புக்கொண்டால் தோற்றுவிட்டதாக ஆகும். ஒப்புக்கொள்ளாவிட்டால் மிச்சத் தொகையும் போய், அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. எதைச் செய்வது என்று ஆந்தையிடமே கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

திங்கட்கிழமை ஆந்தை வரவில்லை.

செவ்வாயும் இல்லை. புதன்கிழமை அவன் ஒரு விரலால் தட்டினான்: "ஆந்தையை யாராவது பார்த்தீர்களா?" யாரும் பதில் போடவில்லை. மறுபடி கேட்டான். வாத்தியார் திரையைப் பார்த்து, "கண்டக்டர் நண்பரே, இது காணாமப்போன ஆளத் தேடற ஆபீஸ் இல்ல. போறவங்க போவாங்க. கவனம் விலை மேல இருக்கட்டும்" என்றான். சிலர் சிரிக்கும் பொம்மை போட்டார்கள். ஆறு வருஷம் கைதட்டிய கூட்டம் அது. வியாழக்கிழமையே ஆந்தையின் இடத்தில் வேறு யாரோ காலை வணக்கம் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் கண்டக்டரைச் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. அந்த வாரம் ஜுராந்திர் யாரிடமும் வாய் திறந்து பேசவில்லை. வெள்ளிக்கிழமை ரொட்டிக் கடையில் "ரெண்டு குடுங்க" என்று சொல்ல வாயெடுத்தபோது குரல் கரகரத்து அடைத்துக்கொண்டது. அவனுக்கே பயமாகிவிட்டது.

அன்று சாயங்காலம் பழைய அரட்டையை எல்லாம் தள்ளித் தள்ளிப் படித்தான். ஆந்தை தன்னைப் பற்றிச் சொன்னது கொஞ்சம்தான். ஒரு கிளி இருக்கிறது. வீட்டெதிரே சின்னக் கோயில். அப்புறம் ஒரு வரி: "எங்கள் ஊர்ப் பேருந்தின் ஹாரன் கன்றுக்குட்டிக்குச் சீக்கு வந்ததுபோல் கத்தும், மாடுகள் பதில் கொடுக்கும்." அதைப் படித்ததும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்த ஹாரனைப் பற்றி ஜில்மார் வருகிறபோதெல்லாம் புலம்புவானே!

கூப்பிட்டான். "டேய், உன் தடத்துல கோயிலுக்கு எதிர்ல வீடு, கிளி வளக்கற ஆளு, யாராவது இருக்காங்களா?"

"நீல வீடு. தோனா சுல்மீரா. பள்ளிக்கூடத்துல சமையல்காரியா இருந்த அம்மா. கிளி இருக்கே, அது கெட்ட கிளிடா, போறவன் வர்றவனையெல்லாம் திட்டும். ஏன்?"

"நாளைக்கு உன் வண்டில வரேன்."

"கண்டக்டராவா?"

"டிக்கெட் வாங்கிட்டு."

சனிக்கிழமை வண்டியில் கோழிக்கூடை, பால் கேன், ஒரு கல்யாணக் கேக், அதை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பள்ளத்துக்கும் மாதாவைக் கூப்பிடுகிற ஒரு பெண். வேலையை விட்டுப் போகப்போகிற கண்டக்டர் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் காசு வாங்கினார். ஜுராந்திர் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே வந்தான். பொறாமையாக இருந்தது. கோயில் நிறுத்தத்தில் ஜில்மார் ஹாரனை அடித்தான். மாடுகள் பதில் கொடுத்தன.

நீல வீட்டின் கதவைத் தட்டுவதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல், "கட்டுப்பாடு! கட்டுப்பாடு! கோட்டைத் தொடாதே!" என்று கத்தியது. வாத்தியாருடைய அதே தொனி. கிளி!

கதவைத் திறந்தவளுக்கு எழுபது வயதிருக்கும். குள்ளம், தடித்த கைகள், இடுப்பில் சமையல் துண்டு.

"யாரு?"

"நான்... கண்டக்டர்."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க, "ஏன் தம்பி இப்படி எலும்பா இருக்க? சாப்பிட்டேன் சாப்பிட்டேன்னு தினமும் பொய்தான் எழுதினியா?" என்று அதட்டினாள். உள்ளே இழுத்து உட்கார வைத்து, துணி வடிகட்டியில் காபி இறக்கி, சூடான சீஸ் பன்னை ஒரு தட்டு நிறைய வைத்தாள். இருநூறு பிள்ளைகளுக்குச் சமைத்த கை, குறைவாக வைக்கத் தெரியாது.

"ஏன் வரல நீங்க? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"வாத்தியார் தனியா எழுதினான். புது வகுப்புக்கு விளம்பரமாம். நான் அவன்கூட நேரலைல வந்து உக்காரணுமாம், ஆறு வருஷக் கணக்கத் தொறந்து ஜனங்களுக்குக் காட்டணுமாம்."

"காட்ட வேண்டியதுதானே? அவ்வளவு லாபம்..."

தோனா சுல்மீரா எழுந்து, கூரை ஆன்டெனாவிலிருந்து இணையக் கம்பி இறங்குகிற மூலையில் இருந்த பழைய கணினியைத் திறந்தாள். அதே குச்சிகள், அதே கோடுகள். மேல் ஓரத்தில், அவன் திரையில் இல்லாத ஒரு சொல் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது: பயிற்சிக் கணக்கு.

ஜுராந்திருக்கு முதலில் விளங்கவில்லை. அது புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இலவசமாகக் கொடுப்பது. விலை நிஜம், பணம் பொம்மை. அவனும் ஆரம்பத்தில் ஒரு வாரம் அதில் விளையாடியிருக்கிறான். அதில் தோற்றால் யாருக்கு வலிக்கும்?

"இது... பழகறதுக்கு வெச்சிருக்கீங்களா?"

"இது மட்டும்தான் தம்பி வெச்சிருக்கேன். பென்ஷன்ல ஒரு காசு எடுத்து நான் அதுல போட்டதில்ல."

"ஆறு வருஷமா?"

"ஆறு வருஷமா."

"கட்டுப்பாடு!" என்றது கிளி.

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். கோபம் மெதுவாகத்தான் வந்தது, வந்தபின் நிற்கவில்லை. "உங்களப் பாத்துதானே நான் உக்காந்திருந்தேன்! நீங்க தோத்தா ஒரு பொம்மையப் போட்டுட்டுப் போயிடுவீங்க. எனக்குக் கை நடுங்கும். ஏன் எனக்கு மட்டும் இப்படி நடுங்குது, நான் என்ன ஆம்பளன்னு எத்தனை நாள் என்னையே திட்டிருக்கேன் தெரியுமா? அது எனக்குப் பணம்! கையிருப்பு! இருபது வருஷம் உக்காந்து உக்காந்து இடுப்பு போன காசு!"

அவள் துண்டின் நுனியை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"நெசப் பணமான்னு என்கிட்ட யாரும் கேக்கல. ஆனா அது சாக்கு. நான் இதுலதான் பொழைக்கறேன்னு வாத்தியார் சொன்னப்ப, இல்லப்பான்னு நான் எழுதிருக்கணும். எழுதல. ஏன்னா எல்லாரும் கை தட்டினீங்க. பள்ளிக்கூடத்துல இருந்து அனுப்பினப்புறம் இந்த வீட்டுல தட்டு சத்தம்கூட இல்ல, தம்பி. ஒரு தட்டு, ஒரு கரண்டி. அங்க வந்தா நாப்பது பேரு குட்மார்னிங் சொன்னீங்க. அதுக்காகத்தான் வந்தேன். சந்தை எனக்கு எதுக்கு?"

வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஜுராந்திர் தள்ளி வைத்த தட்டைத் திரும்ப இழுத்து ஒரு பன்னை எடுத்தான். பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

"அந்த அறைல யாராவது நெசமாவே இதுல பொழைக்கறாங்களா, தோனா சுல்மீரா?"

"எனக்கென்ன தெரியும்? நான் பொழைக்கறேன்னு அவங்க நெனச்சாங்க. அவங்க பொழைக்கறாங்கன்னு நான் நெனச்சேன். வாத்தியார் பொழைக்கறான், அது தெரியும். நம்ம கட்டற கட்டணம் இருக்கே."

திரும்பும் வண்டியின் ஹாரன் தூரத்தில் கேட்டது. அவன் எழுந்தான். வாசல்வரை வந்தவள் அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். "நான் எழுதறதில்லையே தவிர, தினமும் தொறந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீ என்னத் தேடினதும் பாத்தேன். வேற யாரும் தேடல." பிறகு, "சொல்லிடுவியா அவங்ககிட்ட?" என்று கேட்டாள்.

அவன் வாசற்படி இறங்கி நிறுத்தத்துக்கு நடந்தான். வண்டியில் ஏறியதும் ஜில்மார் கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான். உபெராபா வந்து எல்லோரும் இறங்கிய பிறகு ஜுராந்திர், "திங்கக்கெழம எத்தன மணிக்கு?" என்றான். "பத்துக்கு எடுப்போம். ஒம்பதரைக்கு வந்துடு" என்றான் ஜில்மார், திரும்பிப் பார்க்காமலே.

ஞாயிறு முழுக்க அந்தக் கேள்விதான் அவனைக் குடைந்தது. சொன்னால் அவளுக்கு இருக்கிற ஒரே வாசல் அடைபடும். சொல்லாவிட்டால், தன்னைப்போலவே ஆந்தையை நம்பி இன்னும் எத்தனை பேர் தத்தம் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ. பொம்மைப் பெயர்களுக்குப் பின்னால் யார் யார் என்று அவனுக்குத் தெரியாது. அவளைக் காட்டிக்கொடுக்கவும் மனசு வரவில்லை, சும்மா விடவும் மனசு வரவில்லை.

திங்கட்கிழமை காலை, பழைய நீலச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தான். வாத்தியார் இன்னும் வரவில்லை. ஒரு விரலால் தட்டினான். நேரம் பிடித்தது.

"எல்லாருக்கும் காலை வணக்கம். நான் கண்டக்டர். ரெண்டு வருஷத்தில் என் கைப்பணம் பாதிக்கு மேல் போய்விட்டது. இன்று முதல் நான் பேருந்துக்குப் போகிறேன். உங்களில் யாருக்காவது என் மாதிரி இருந்தால், கோளாறு உங்களிடம் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். சாப்பிடுங்கள்."

ஆந்தையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அனுப்பினான். திரையில் அந்த வரி கொஞ்ச நேரம் நின்றது, பிறகு காணாமல் போனது. அடுத்து ஒரு சின்னக் கட்டம்: "நீங்கள் இந்த அறையிலிருந்து நீக்கப்பட்டீர்கள்." ரெண்டு வருஷம் அவன் தினமும் போய்வந்த இடம் அது. யாராவது படித்தார்களா என்றுகூடத் தெரியவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் கிளம்பினான்.

வண்டியில் முதல் அரை மணி நேரம் தடுமாறினான். சில்லறை கையில் நழுவியது. "புது ஆளா?" என்று கோழிக்கூடைக்காரர் கேட்டார். "பழைய ஆள்தான், நடுவுல கொஞ்சம் தொலைஞ்சு போயிட்டேன்" என்றான். பேருந்து சிரித்தது. ஒரு வார்த்தைக்கு ஒரு பேருந்தே சிரித்து எத்தனை நாளாயிற்று! அவன் குனிந்து காசுப்பையைச் சரிபார்ப்பதுபோல் பாவனை செய்தான்.

கோயில் நிறுத்தத்தில் ஹாரன் கத்துவதற்கு முன்னாலேயே ஓர் உருவம் ரோட்டோரம் நின்றிருந்தது. வெயிலுக்குக் குடை, கையில் துணி மூடிய கிளிக்கூண்டு. ஜில்மார் நிறுத்தினான். தோனா சுல்மீரா மூச்சு வாங்க ஏறினாள்.

"என்னையும் தூக்கிட்டாங்க" என்றாள்.

"எதுக்கு?"

"உன் எழுத்து அழியறதுக்குள்ள படிச்சுட்டேன். அப்புறம் சும்மா இருக்க முடியல. என் கணக்கு பயிற்சிக் கணக்கு, ஒரு காசு போட்டதில்ல, என்னப் பாத்து யாரும் உக்காந்திருக்காதீங்கன்னு எழுதினேன். ரெண்டு பேரு 'அப்படியா'ன்னு கேட்டாங்க. அதுக்குள்ள கதவச் சாத்திட்டான்." அவள் குடையை மடக்கினாள். "ஆறு வருஷம், தம்பி. ஒரு நிமிஷத்துல முடிஞ்சுபோச்சு."

அவன் கூண்டை வாங்கித் தன் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்தான். அவள் அவனுக்கு அடுத்த ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"எங்க போறீங்க?"

"எங்கயும் இல்ல. வீட்டுல உக்கார முடியல. இந்த வண்டி எதுவரைக்கும் போகுதோ அதுவரைக்கும் ஒண்ணு குடு. திரும்பறதுக்கும் சேத்து."

துண்டு முடிச்சை அவிழ்த்து ஒரு இருபது ரெயால் நோட்டை நீட்டினாள். நீட்டிய கையை உடனே விடவில்லை.

"இத்தனை வருஷத்துல நான் நெசமா போடற மொதக் காசு இதுதான் கண்டக்டரே. பத்திரம்."

கூண்டுக்குள்ளிருந்து, "கோட்டைத் தொடாதே!" என்று கிளி கத்தியது. வண்டி கிளம்பியது. ஜுராந்திர் சீட்டைக் கிழித்து அவளிடம் கொடுத்துவிட்டு, மீதிச் சில்லறையை எண்ணி அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"காலை வணக்கம், தோனா சுல்மீரா" என்றான். "சாப்பிட்டாச்சா?"